கானில் மிதந்த உன் பெயர்

மகனே,

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போன ஸலாத்தைக் காகிதத்தில் சொல்கிறேன். பதில் சொல்வது உன் மீது கடமை. கோபத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போட முடியாது. நீ ஹாலிஎலையில் நீ படிப்பிக்கும் பாடசாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துப் போய் இருந்துகொண்டாய். நான் பதுளையில் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் சட்டைக் கசங்கலை நீவி முடிப்பதற்குள் வந்துவிடக்கூடிய தூரம். நீயும் வரவில்லை, நானும் வரவில்லை. உன் உம்மாதான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "அவர் இப்படிச் சொல்றார், இவன் அப்படிச் சொல்றான்" என்று இரண்டு நாட்டுக்கு இடையில் தூது போகிறவள் மாதிரி அலைகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். இதில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் உன் வலீமா விருந்தைப் பற்றி நான் எவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பண்டாரவளையிலிருந்து பெண் வீட்டார் எத்தனை வேனில் வருவார்கள், புரியாணிக்கு யாரைப் பிடிப்பது, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் வைக்கப் பாயின் மேல் விரிக்கிற பொலித்தீனை எந்த நிறத்தில் எடுப்பது என்று. நீ சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சொன்னாய்: "வாப்பா, எங்கட கலியாணத்துக்கு கடையிலிருந்து ஒரு சாமானும் வேணாம். விரிக்கிற சீட்டும் வேணாம், கப்பும் வேணாம், தட்டும் வேணாம்." நான் கேட்டேன்: "ஏன்டா, எங்கட கடைச் சாமான்ல நஜீஸா, அசுத்தமா பட்டிருக்கு?" நீ சிரித்திருந்தால் அது அத்தோடு முடிந்திருக்கும். நீ சிரிக்கவில்லை. நமுனுகுல தோட்டத்தில் ஓடை துப்புரவாக்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனதையும், அவர்கள் சேற்றிலிருந்து இழுத்த பைகளில் எல்லாம் உன் பெயர் இருந்ததையும், "சேர், உங்க பேரு! இதுலயும் உங்க பேரு!" என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததையும் சொன்னாய். பிறகு, "எனக்கு வெட்கமா இருக்கு வாப்பா" என்றாய். நான், "அப்ப வெட்கப்படுற வீட்டுல நீ எதுக்கு இருக்க? உன் வலீமாவுக்கு நான் எதுக்கு?" என்றேன். நீ கை கழுவிவிட்டுப் போனாய். போனவன் வரவில்லை.

கடை திறந்த மாதம்தான் நீ பிறந்தாய். எல்லோரும் கடைக்கு என் பெயரை வைக்கச் சொன்னார்கள். நான் உன் பெயரை வைத்தேன். பிற்பாடு வியாபாரம் கொஞ்சம் தூக்கியபோது, கொழும்புக்குப் போய் நீல நிறப் பையில் சிவப்பு எழுத்தில் உன் பெயரை அடித்துக்கொண்டு வந்தேன். பெரிய கடைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த பெருமை அது. பஸ் நிலையத்தில் பார்த்தாலும், ஆஸ்பத்திரி வார்டில் பார்த்தாலும், தோட்டத்துத் தேர்த் திருவிழாவில் பார்த்தாலும் யாராவது ஒருவர் உன் பெயரைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சின்ன வயதில் உனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பஸ்ஸில் முன் இருக்கைக்காரியின் மடியைக் காட்டி, "வாப்பா, நான் அங்க இருக்கேன்" என்று கத்தியிருக்கிறாய். இன்று வெட்கப்படுகிறாய். பெயர் வைத்தவனுக்கு அது எங்கே வலிக்கும் என்று நீ யோசிக்கவில்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பொட்டலம் கட்டுவதற்கு நிறுத்து வாங்கிய பழைய பத்திரிகைகளை, கிழிப்பதற்கு முன் வாசித்து வாசித்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். சீனிக்கு உள்நாட்டுச் செய்தி, பருப்புக்கு விளையாட்டு, கருவாட்டுக்கு அரசியல். பொலித்தீன் வந்தது, என் படிப்பு நின்றது. அந்த வகையில் அதன்மேல் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஆனால் அந்தக் காகிதக் காலத்தைப் பற்றி நீ பாடப்புத்தகத்தில் வாசிப்பதுபோல் நான் நினைக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து வருகிற பெண்கள் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் ஏறி நடந்து லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். காகிதம் கரைந்து, சீனி ஒழுகி, மாவு களியாகி, அடுத்த ஞாயிறு வந்து என் முன்னால் நின்று அழுவார்கள். பையில் போட்டுக் கொடுத்தேன். அழுகை நின்றது. அதே பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் கொழுந்து பறித்தார்கள். ஒழுகிய தகரத்துக்கு மேல் என்னிடம் வாங்கிய கறுப்புப் பொலித்தீனை விரித்துக் கல் வைத்தார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து இறங்கிய கிழமை, கடையில் இருந்த பொலித்தீன் சுருள் அத்தனையையும் லொறியில் ஏற்றியவன் நான். ஏற்றியது நீயும் நானும். அன்று உன் தோளில் ஒரு சுருள் இருந்தது. மண்ணுக்குள் ஆட்கள் கிடக்க, மழைக்குக் கீழே பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றவர்கள், இது உக்காத சாமான், வேண்டாம் என்று சொன்னார்களா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். பைக்காகக் கடைக்கு அபராதம் எழுத வந்த உத்தியோகத்தர் பிளாஸ்டிக் போத்தலில்தான் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்து அதை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். இந்தப் பையைச் செய்கிற முதலாளியை அவர் தேடிப் போகவில்லை. எங்கோ ஒரு நாட்டில் வீடு முழுக்கக் குளிரூட்டி வைத்து, ஆளுக்கு ஒரு கார் ஓட்டுகிறவனை யாரும் தேடிப் போகவில்லை. நீயும்தான் மோட்டார் சைக்கிளில் போகிறாய், வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறாய். உலகத்தின் சூட்டுக்கெல்லாம் பதுளைக் கடைவீதியில் ஒரு கிழவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வராதா?

ஆனாலும் நான் குருடன் இல்லை. நீ பிறந்த காலத்தில் கடையில் காற்றாடியே தேவைப்படவில்லை. ஒரு காலத்தில் டிசம்பருக்கு முன் கம்பளிச் சட்டை வாங்கி அடுக்கினால் பொங்கலுக்குள் முடிந்துவிடும். இப்போது அது மடித்தபடியே கிடந்து பூச்சி அரிக்கிறது. மழையும் அப்படித்தான். முன்பெல்லாம் கூட இருந்து சாப்பிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி நாள்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். இப்போது வராமல் இருக்கிறது, வந்தால் கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. பொலித்தீனும் பெட்ரோலும் ஒரே எண்ணெயிலிருந்து வருகிறவை, எண்ணெய் எரிந்து காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்றுதான் இப்படி மழையைச் சேர்த்து வைத்துக் கொட்டுகிறது என்று நீ ஒருநாள் உன் உம்மாவுக்கு விளக்கினாய். நான் கருவாடு தரம் பிரித்துக்கொண்டு கேட்காதவன் மாதிரி இருந்தேன். கேட்டேன். முழுவதும் கேட்டேன்.

நீ போன பிறகு ஒரு பெரிய மழை பெய்ததே, அந்த ஞாயிறு மாரியாயி கடைக்கு வரவில்லை. உனக்குத் தெரியும் அவளை. நமுனுகுல தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், நீ தவழ்ந்த காலத்திலிருந்து நம் வாடிக்கை, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பவள். அடுத்த ஞாயிறு வந்தாள். பழக்கத்தில் நான் பையை உதறி விரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நானா, ஒங்க மகன் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு காட் எல்லாம் அடிக்க வேணாங்க. மாப்பிள்ள பேரு ஏற்கனவே தண்ணி போற எங்க கான்ல மெதக்குது." கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரரும் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று சிரித்தார். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "என் பை மட்டுமா மிதக்குது? வா, வந்து பாக்குறேன்" என்று கடையை உன் சாச்சாவிடம் விட்டுவிட்டு அவளோடு பஸ்ஸில் ஏறினேன். உன் பெயரைக் காப்பாற்றத்தான் போனேன், நீ சொன்னதை ஒப்புக்கொள்ளப் போகவில்லை.

லயத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீரை ஒதுக்கி விடுவதற்கு வெட்டிய கான் இருக்கிறது, நீ பிள்ளைகளோடு துப்புரவாக்கிய ஓடைக்கு இறங்குவது. அது பாதைக்குக் கீழே நுழைகிற இடத்தில் குப்பை அடைத்து, தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் ஏறியிருக்கிறது. மாரியாயியின் காம்பரா அறைச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. பேரப்பிள்ளையின் பாடசாலைப் புத்தகங்களைப் பாறையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்திருந்தார்கள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கானில் இறங்கினேன். அவள் புருஷன், "நானா, விழுந்துறாதீங்க, அப்புறம் கல்யாணம் நின்னுரும்" என்றான். நான் மற்றக் கடைகளின் பைகளைத்தான் தேடினேன். எதிர்க் கடைப் பை ஒன்று கையில் அகப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அல்லாஹ் மன்னிக்கட்டும். தூக்கிக் காட்டினேன். "பாத்தியா, இது யாரோடது?" அவள் சொன்னாள்: "பாத்தேன், பாத்தேன். அதுக்குக் கீழ பாருங்க." அதற்குக் கீழே நீ. அதற்கும் கீழே நீ. மடிந்து, கிழிந்து, வேரில் சுற்றி, சேற்றுக்குள் போகப் போக நீதான். நீலம் வெளுத்திருந்தது. எழுத்து வெளுக்கவில்லை. நல்ல மையாகப் போடச் சொல்லி அடித்தது நான்தான்.

கரையேறி, "நான் குடுத்தேன், வீசினது யாரு?" என்று கேட்டேன். விடுவேனா? மாரியாயிக்குக் கோபம் வரவில்லை. "குடுத்தது நீங்க, வீசுனது நாங்க. இல்லேங்கலயே. குப்ப அள்ளுற வண்டி எங்க மலைக்கு ஏறுதா? ஏறாது. கானு வெட்டாம விட்டது தோட்டத்துத் தொரமாரு. இப்பிடி மழைய அனுப்புனது யாருன்னு ஒங்க மகனத்தான் கேக்கணும். எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு நானா. ஆனா தண்ணி வந்தது எங்க வீட்டுக்கு மட்டும்தான்." என்னிடம் கடைவீதியில் எவனும் கடைசி வார்த்தை பேசிப் போனதில்லை. அவள் பேசினாள். நான் ஈரச் சாரத்தைப் பிழிந்தேன். பிறகு அவள் உள்ளே போய்ச் சுவரில் ஆணியில் தொங்கிய ஒன்றைக் காட்டினாள். நம்முடைய பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மூத்தவளின் தோடு, மாத்திரை எல்லாம் அதற்குள். மேலே மலையில் மண் வெடித்திருக்கிறதாம். மழை கூடினால் எல்லோரும் இறங்கித் தோட்டத்துப் பாடசாலைக்கு ஓட வேண்டுமாம். "ஓடுறப்ப இதத்தான் மொதல்ல எடுப்போம். நனையாதுல்ல" என்றாள். மகனே, அந்த ஒரு சுவருக்கு வெளியே உன் பெயர் அவர்களை முக்குகிறது, உள்ளே உன் பெயர் அவர்களைக் காக்கிறது. இதைக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதுவது? நீ படித்தவன். எனக்குத் தெரியவில்லை.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் அடுத்ததைக் கேட்டாள். "மகன் கல்யாணத்துலயும் எங்களுக்கு அந்த வளையுற தட்டுத்தானா? ஒங்க மூத்த மக கல்யாணத்துல சோறு மடியில கொட்டிருச்சு. ஒங்க ஆளுக மட்டும் ஆறு பேரு சுத்தி ஒக்காந்து, பெரிய தாம்பாளத்துல கதை பேசிக்கிட்டுச் சாப்பிட்டாங்க." நான் சொன்னேன்: "ஒரே தட்டுல கை வைக்க உங்களுக்குச் சரி வராதோன்னுதான்..." "கேட்டீங்களா?" என்றாள், பக்கத்திலிருந்த அவள் புருஷனின் தங்கை. கேட்கவில்லை. எத்தனையோ கல்யாணம் செய்துவிட்டோம், யாரும் கேட்கவில்லை. நம் ஆட்களுக்குச் சஹன், தோட்டத்து ஆட்களுக்கும் சிங்கள ஆட்களுக்கும் ஓரமாக மேசை போட்டுப் பிளாஸ்டிக் தட்டு என்பது யாரோ தொடக்கியது. எனக்கு அது வியாபாரம், அதனால் நானும் நல்ல வழக்கம் என்றே நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டு எறிகிற தட்டை விருந்தாளி கையில் கொடுக்கிறபோது அவருக்கு நாம் என்ன சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இனி நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேள். நீ சொன்னதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. பள்ளிவாசலில் கேட்டு எல்லாச் சஹன்களையும் விருந்துக்கு இரவல் எடுத்துவிட்டேன். பாய்தான் விரிப்பு, அதன்மேல் ஒன்றும் கிடையாது. தண்ணீருக்குச் செம்பும் கண்ணாடிக் குவளையும். தோட்டத்து ஆட்களுக்கு மாட்டிறைச்சி இல்லாமல், கோழியில் தனியாக ஒரு அடுப்பு. ஆனால் சஹன் ஒன்றுதான், பந்தல் ஒன்றுதான். சமையல்காரர் குதித்தார். "ஹாஜியார், இனிப்பு வட்டிலாப்பத்தையும் கோப்பையிலயா? யாரு கழுவுற இவ்வளவையும்?" "நான் கழுவுறேன்" என்றேன். சொல்லிவிட்டேன், இனிக் கழுவத்தான் வேண்டும். உன் மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, போத்தல் தண்ணீர் வைக்காவிட்டால் பண்டாரவளையில் என்ன சொல்வார்கள் என்றார். பதுளையில் மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பைத்தியம் என்று சொல்லட்டும் என்றேன். பிடிவாதத்தில் நீ எனக்கு மகன்தான், எனக்கு வாப்பா இல்லை.

கடையை மூடமாட்டேன். அதை எதிர்பார்க்காதே. இருக்கிற பைகளைப் பூட்டியும் வைக்கமாட்டேன். மழையில் வெறுங்கையோடு வருகிறவளுக்குக் கொடுப்பேன். மற்றவர்களிடம், "பை கொண்டு வந்தீங்களா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். இரண்டொருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். எதிர்க் கடைக்காரர் வந்து இரகசியமாக ஒரு யோசனை சொன்னார்: "பேர எடுத்துட்டு வெறும் பையா அடிங்க. பிறகு எங்க கிடந்தாலும் யாரு கடைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது." எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. பெயர் இருந்ததால்தான் நான் கானில் இறங்கினேன். இல்லாவிட்டால் அது யாரோ வீசிய குப்பை என்று கடந்து போயிருப்பேன். நான் கொடுத்ததற்கு என் வீட்டுப் பெயர் இருக்கட்டும். நமுனுகுலைக்குச் சாமான் ஏற்றிப் போகிற லொறி வெறுமையாகத்தானே திரும்புகிறது, லயத்தில் சேர்த்து வைத்திருக்கிற பைகளை ஏற்றிக்கொண்டு வா என்று சாரதியிடம் சொல்லியிருக்கிறேன். அவை இறங்கி நகரத்துக் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உன் வேலை.

உனக்குச் சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது. நீ பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒருநாள் ஓடையைத் துப்புரவாக்கினாய், படம் எடுத்தாய், திரும்பிவிட்டாய். அடுத்த மழைக்கு அது அடைத்துக்கொண்டது. அந்த லயத்தில் ஒருவரிடமாவது ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடித்தாயா? மாரியாயியிடம் கேட்டேன். "சின்ன மொதலாளி வந்தாரு, குனிஞ்சாரு, போய்ட்டாரு" என்றாள். பிழையைக் கண்டுபிடிக்கிறவன் அந்த வீட்டு வாசலில் உட்காரவும் வேண்டும். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது வளர்ந்து, மலையையும் மழையையும் இப்படி ஆக்கி வைத்தது யார் என்று உன்னிடம் கேட்கும். அப்போது நீ என்னைக் கை காட்டலாம், நான் கபுறு மண்ணுக்குள் இருப்பேன், மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அதோடு உன்னை விட்டுவிடாது. உன் பிள்ளையல்லவா, என் பேரப்பிள்ளையல்லவா.

அன்று நான் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் எதற்கு இருக்கிறாய் என்று கேட்டேனே, அது. வேறு எதையும் எடுக்கவில்லை. நிக்காஹ்வுக்கு நான் வருவதா இல்லையா என்று உன் உம்மா கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள். மகனுடைய கல்யாணத்துக்கு வாப்பா தானாகப் போய் நிற்க முடியாது. அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ கடைக்கு வர வேண்டும். எதிர்க் கடைக்காரர் பார்க்கும்படி முன்வாசலால் வர வேண்டும். வந்து, "வாப்பா, வாங்க" என்று கூப்பிட வேண்டும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை, மன்னிப்பும் கேட்கத் தேவையில்லை, நானும் கேட்கப்போவதில்லை. கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன், பாத்திரம் கழுவ வேறு ஆள் இல்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவேன், படத்திலெல்லாம் அப்படித்தான் விழும்.

உன் வாப்பா